கோதண்டம் போகாத காஷ்மீர்

ஆவடி குவார்ட்டர்ஸில் காஷ்மீருக்குப் போய்வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ரயில் ஏறியவர்கள்தான் குறைவு. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வர டிக்கெட் காசு உண்டு. எல்.டி.சி. என்பார்கள். காசை முன்பணமாக வாங்க வேண்டியது, டிக்கெட் எடுத்து அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு கேன்சல் செய்ய வேண்டியது, லீவு முடியும்வரை சொந்தக்காரர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டியது. பிறகு பாரிமுனையில் வாங்கிய குங்குமப்பூவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் யாத்திரை பூர்த்தி. காசு டி.வி.யாகும், பீரோவாகும், யாருக்காவது வளைகாப்புச் செலவாகும். அதைத் தப்பென்று ஒருத்தரும் நினைக்கவில்லை. நிஜமாகவே போகிறேன் என்றவளைத்தான் பைத்தியம் என்றார்கள். அந்தப் பைத்தியத்தின் பெயர் ஜெகதாம்பாள்.

ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற அரசாங்கத் தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் வேலை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், பஞ்சு வைத்த கனத்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு மெஷினை ஓட்டுவாள். பனிமலையில் காவல் நிற்கிற சிப்பாய்களுக்கான கோட்டு அது. முதுகில் வியர்வை ஊற்றும். இத்தனை துணியைக் கேட்கிற குளிர் எங்கேதான் இருக்கிறது, அதை ஒரு தடவை கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எண்பத்தேழில் அவள் முறை வந்தது. புருஷன் கோதண்டம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. பெண்டாட்டியின் எல்.டி.சி. பணம் கைக்கு வருவதற்கு முன்பே, மாங்காட்டில் இருக்கிற அக்கா வனஜாவின் வீட்டுக்குத் தண்ணீருக்குப் போர்வெல் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஜெகதாம்பாளோ சென்ட்ரலில் வரிசையில் நின்று நாலு டிக்கெட்டோடு வீடு திரும்பினாள்.

"இன்னாமே இது? அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டு வந்துகீறேன், நீ டிக்கெட் எடுத்துகினு வந்து நிக்கிற?"

"வாக்கு குடுத்தது நீ. வேல செய்யறது நானு. ஊர் பாக்கக் குடுத்த துட்டு, ஊர் பாக்கப் போறேன்."

"நான் வரமாட்டேன்."

"வராட்டி இரு."

தான் வராவிட்டால் அவளும் போகமாட்டாள் என்று அவன் கணக்குப் போட்டான். திருப்பதியைத் தாண்டாதவள், வயசுக்கு வந்த இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு எங்கே போய்விடப் போகிறாள்? அவள் மறுநாளே அவன் டிக்கெட்டைக் கேன்சல் செய்தாள், அந்தப் பணத்தை ஆபீசிலேயே திருப்பிக் கட்டினாள், ராணியையும் கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

கட்டிக்கொண்டு போன புளிசோறு டெல்லிவரை தாங்கியது. அங்கே ரயில் மாற வேண்டும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. 'ஜம்மு, ஜம்மு' என்று கேட்டுக்கேட்டே சரியான வண்டியைப் பிடித்துவிட்டாள். மலைப்பாதை பஸ்ஸில் சின்னவள் கஸ்தூரி வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். குல்மார்க்கில் வாடகைக்கு எடுத்த கோட்டும் பூட்ஸுமாக மேட்டில் ஏறி, வெள்ளை வெளேரென்று கிடந்த பனியில் கையை வைத்தபோது ஜெகதாம்பாளுக்குச் சுள்ளென்றது. உடனே அதிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. பெண்கள் பார்க்கிறார்களே என்று அவள் கண்ணைத் துடைக்கவும் இல்லை.

இங்கே நம்ம ஆளுக்கு வேறு கஷ்டம். வீட்டில் இருந்தால், பெண்டாட்டி உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளா என்று குவார்ட்டர்ஸே கேட்கும். அதனால் காஷ்மீருக்குப் போகாதவர்கள் எங்கே போவார்களோ அங்கேயே போனான், அக்கா வீட்டுக்கு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாமல் ஒரு சாயங்காலம் காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பினான். வேண்டுதலுக்கு வந்திருந்த சுசீலா, கோயில் வாசலில் சுண்டல் தின்றுகொண்டு நின்ற அவனைப் பார்த்துவிட்டாள். சுசீலா யாரென்றால், தையல் பிரிவில் ஜெகதாம்பாளுக்கு அடுத்த மெஷின். கேட்கவா வேண்டும்?

ஊர் திரும்பியதும் பெண்கள் கதை கதையாகச் சொன்னார்கள். கோதண்டம் அவ்வளவையும் காதில் போட்டுக்கொண்டு போய், தானே பனியில் சறுக்கி விழுந்து எழுந்த மாதிரி டீக்கடையில் அவிழ்த்துவிட்டான். ஜெகதாம்பாளுக்கும் அது தெரியும். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து விசாரணை வந்தது. பொய் எல்.டி.சி. எடுத்தவர்களைப் பிடிக்க மேலிடத்திலிருந்து ரகுநாதன் என்ற அதிகாரி வந்து உட்கார்ந்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி டைப் அடித்த காகிதம்: 'நான் பயணம் போகவில்லை, வாங்கிய பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்.' கையெழுத்துப் போட்டால் அதோடு விட்டுவிடுவார்கள். மறுத்து, போனதையும் நிரூபிக்காவிட்டால், வேலைக்கே உலை. ஒவ்வொருத்தராக வரிசையில் நின்று மளமளவென்று போட்டார்கள்.

"நான் போனேன் சார். டிக்கெட் நம்பர் குடுத்திருக்கேன்" என்றாள் ஜெகதாம்பாள்.

"நம்பர் எல்லாரும்தான் குடுத்திருக்காங்க. நீங்க மூணு பேர் போனதா எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் தானும் போனதா டீக்கடையில சொல்லியிருக்கார். அதே நாள்ல அவரை மாங்காட்டுக் கோயில்ல பார்த்தவங்க இருக்காங்க. இதுல எதும்மா நிஜம்?"

"மூணுமே நிஜம் சார். நாங்க மூணு பேர் போனோம். அவரு மாங்காட்ல இருந்தாரு. டீக்கடையில கதை வுட்டாரு."

"ஆம்பளைத் துணை இல்லாம, ரெண்டு பொண்ணுங்களோட, அவ்வளவு தூரம்?"

"ஆமா சார். ஆம்பள வரமாட்டேன்னா போகக்கூடாதுன்னு சட்டமா?"

"அப்போ அவரே வந்து அதைச் சொல்லட்டும். நாளைக்குள்ள" என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார் ரகுநாதன்.

வீட்டில் கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கையெழுத்து போட்டுடு. கொஞ்சம் கொஞ்சமா புடிச்சிக்குவாங்க. நான் அங்க வந்து இன்னான்னு சொல்றது? பொண்டாட்டி வுட்டுட்டு பூட்டா, அக்கா ஊட்ல ஒளிஞ்சிகினு இருந்தேன்னா?"

"அதான நடந்துது? அதையே சொல்லு."

"டீக்கடை பசங்க முன்னாடி நான் தல காட்ட வாணாமா?"

ஜெகதாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊட்ல படுத்துகினு இருந்தவங்க போகலன்னு எழுதிக் குடுத்தாங்க, அது நாயம். நான் போனவ. எதுக்குய்யா எழுதணும்? வேல பூட்டா பூந்தமல்லியில ஜாக்கெட் தெச்சி பொழச்சிக்குவேன். கண்ணால பாத்தத பாக்கலன்னு எழுத என் கை வராது."

காலையில் அவன் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டான். அவள் தனியாகவே ரகுநாதனிடம் போனாள். கையெழுத்தில்லாத காகிதத்தை மேஜைமேல் வைத்து, "போட மாட்டேன் சார். என்னா பண்ணணுமோ பண்ணிக்குங்க" என்றாள்.

ரகுநாதன் பேனாவை எடுத்தார். அப்போதுதான் கதவருகே கோதண்டம் வந்து நின்றான். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. பாதி ஷிப்டில் சொல்லிக்கொண்டு பஸ் பிடித்து வந்திருந்தான். கையெழுத்துப் போட வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த டீக்கடையில் அவனோடு டீ குடிக்கிறவர்கள்.

"நீங்க காஷ்மீர் போனீங்களா?" என்று கேட்டார் ரகுநாதன்.

"போகல சார். அவ கூப்ட்டா. நான்தான் போகல. அவ போனா, பசங்கள கூட்டிக்கினு." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் முடியவில்லை. "பனி எப்டி இருக்கும்னே எனுக்குத் தெரியாது சார். பசங்க சொன்னதத்தான் நான் சொல்லிகினு இருந்தேன்." வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ரகுநாதன் அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "நீங்க போகலாம்மா" என்றார்.

இருவரும் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார்கள். அவன்தான் ஆரம்பித்தான். "அடுத்த தபா எல்.டி.சி. வந்தா..."

"அடுத்த தபா உன்ன கூப்ட மாட்டேன். ஒருக்கா கூப்ட்டது போதும். நான் பாட்டுக்கு சென்ட்ரலுக்குப் போயி டிக்கெட்டுக்கு நிப்பேன். வரணும்னு இருந்தா, நீயா வந்து என் பின்னாடி வரிசையில நில்லு."