புதைக்கும் முன்பே புதையல்

"ஆரம்பாக்கத்துல குந்திக்கினு லண்டன்காரங்க புதையல நீ இன்னாம்மா எண்ணிப் பாக்கப் போற?"

இப்படிக் கேட்டவர் எங்கள் தரப் பிரிவின் சீனியர், பொன்னேரிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். ஆனால் அன்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மேஜையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "எண்ணிட்டு சொல்றேன் சார்" என்றேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்ப்புகளுக்கு இரும்பு மூடி வார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். படிப்பு டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். மூடிகளை அளந்து பார்ப்பது, ஓட்டையோ விரிசலோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவது, எதில் என்ன குறை என்று எழுதுவது, இவைதான் என் வேலை. எங்கள் மூடிகள் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அவர்களோடு வீடியோ கால்.

அளப்பது நான். எழுதுவது நான். அவர்களிடம் படித்துக் காட்டுவது மட்டும் சீனியர். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தால் அவர் என் பக்கம் சாய்வார், நான் காதில் சொல்வேன், அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார். நான் 'பெரிய ஓட்டை' என்று எழுதியது கடல் தாண்டும்போது 'சின்னப் பிரச்சினை' ஆகிவிடும். என் கையால் எழுதியதை என் வாயால் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதற்கு வழி வேடிக்கையாக வந்தது. அந்தப் பக்கத்துத் தலைவி, எப்போதும் கையில் ஒரு கப்போடு உட்கார்ந்திருக்கும் அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை கடைசியில் சொன்னார்: அடுத்த வாரம் வேலைப் பேச்சு முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு விளையாட்டு. பிரிட்டனில் 'நேஷனல் ட்ரெஷர்' என்று அழைக்கத் தகுதியான பிரபலம் யார்? ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். உங்கள் பக்கம் இருந்தும் இரண்டு பேர் வாருங்கள்.

மேனேஜர் சீனியரைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். என் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

கால் முடிந்ததும் மேனேஜர், "ரெண்டு பேர்ல யார் நல்லா பேசறாங்களோ அவங்களே இனிமே ரிப்போர்ட்டும் படிங்க. லண்டன்காரங்களுக்கு நம்ம பேச்சு புரியலன்னு வாரா வாரம் மெயில் வருது" என்றார். அதற்கு மறுநாள்தான் கேன்டீனில் அந்தக் கேள்வி.

அகராதியில் பார்த்தேன். 'தேசியப் புதையல்' என்று இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் அம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். உருக்காலையில் லோடு ஏற்றிவிட்டு வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உயிரோட இருக்கற மனுஷன புதையல்னு சொல்லுவாங்களா?"

"பொதைச்சாதானே புதையல்?"

"அங்க சொல்றாங்களே. வயசான நடிகரு, டிவியில சமையல் சொல்றவங்க, ரேடியோவுல பேசறவங்கன்னு."

நைனா குழாயடியில் இருந்தே, "உசுரோட இருக்கறவன புதையல்னு சொன்னா, என்னிய எப்போ பொதைக்கப் போறீங்கன்னு சண்டைக்கு வர மாட்டானா?" என்றார்.

அம்மா சிரித்ததில் ஒரு இறால் கை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுத்து அலசிக்கொண்டே சொன்னாள்: "இல்லம்மா, நல்லாத்தான் இருக்குது. நம்ம ஊருல ஒருத்தர தங்கமானவருன்னு எப்போ சொல்றோம்? பொதைச்சிட்டு ஊட்டுக்கு வந்து குளிச்சப்புறம்தான். அவங்க முன்னாடியே சொல்லிடறாங்க. காதால கேட்டுக்கினே போயி சேரலாம்."

எழுந்து ஓடினேன். நோட்டை எடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று பின்னாலேயே குரல் வந்தது.

அந்த வாரம் முழுக்க ரயிலில் காதில் இயர்போன்தான். ஆரம்பாக்கத்தில் ஏறி, எளாவூர் தாண்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் ஒருவரைப் பற்றிக் கேட்டு முடிப்பேன். கேட்கக் கேட்க அவர்கள் கணக்கு பிடிபட்டது. தேர்தலில் நின்றவர் புதையல் ஆக முடியாது, பாதி நாடு திட்டும். பணக்காரராக இருக்கலாம், அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. பல வருஷம் வீட்டுக்குள் வந்துபோன முகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, "நீங்கள் புதையல்" என்று சொன்னால் அவர் கூச்சப்பட்டுப் பேச்சை மாற்ற வேண்டும். எனக்கு ஒரே சிரிப்பு. நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் போஸ்டரே அடிக்க மாட்டார்கள். இவர் கட்அவுட்டுக்குப் பாலூற்றினால் அவருடைய ஆட்கள் குடத்தோடு கிளம்பிவிடுவார்கள். யாரும் யாரோடும் சண்டை போடாத ஒரு பிரபலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அரசு பஸ்ஸில் 'இது உங்கள் சொத்து' என்று எழுதியிருக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த மாதிரி எல்லாருக்கும் சொந்தமான ஆள்.

என் ஆளைப் புதன்கிழமை கண்டுபிடித்தேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டிவியில் பல வருஷம் சமையல் சொல்லிக் கொடுத்த அம்மா ஒருவர். ஒரு நாள் அடுப்பைத் திறக்கிறார், கேக் நடுவில் அமுங்கிப் பள்ளமாகிக் கிடக்கிறது. கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. பின்னால் தயாராக வைத்திருந்த நல்ல கேக்கை எடுக்கவில்லை. பள்ளத்தைக் கேமராவுக்குக் காட்டி, எதனால் அமுங்கியது என்று விளக்கி, அதில் பழத்தைக் கொட்டி நிரப்பிப் பரிமாறிவிட்டார். ரயிலில் நின்றபடி அதை மூன்று முறை பார்த்தேன். எளாவூரில் ஏறிய கூட்டம் இடித்தது, எனக்கு உறைக்கவேயில்லை. சிவப்புத் தொட்டியை நாட்டுக்கே திறந்து காட்டிய பெண்!

வெள்ளிக்கிழமை முதலில் சீனியர் பேசினார். அவருக்குத் தெரிந்தது கிரிக்கெட். அந்த ஊர் பந்துவீச்சாளர் ஒருவரைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். ஆனால் அந்தப் பக்கம் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. ஒருவருக்கு அந்த ஆட்டக்காரரைக் கண்டாலே ஆகாதாம். சண்டை வந்தால் புதையல் இல்லை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

என் முறை. மைக்கை இழுத்துக்கொண்டேன். என் மொழியில் புதையல் என்றால் புதைத்து வைத்த பொருள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதனால் உங்கள் விளையாட்டின் பெயரைக் கேட்டு என் வீட்டில் பயந்துபோனார்கள் என்றேன். பிறகு அம்மா சொன்னதைச் சொன்னேன்: எங்கள் ஊரில் புதைத்த பிறகு சொல்வதை நீங்கள் முன்பே சொல்லிவிடுகிறீர்கள்.

திரையில் ஒருவரும் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று மைக்கைத் தட்டிப் பார்த்தேன். அடுத்த நொடி அந்தத் தலைவி கப்பைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, கேக்கைப் பிடித்துக்கொண்டேன். நான் தினமும் குறை தேடுகிறவள், குறையை மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும், தன் குறையைத் தானே தூக்கிக் காட்டுகிறவரை முதன்முறையாகப் பார்த்தேன், என் ஓட்டு அவருக்குத்தான் என்று முடித்தேன். மூலையில் இருந்த ஒரு நரைத்த மனிதர், அந்த நிகழ்ச்சியைத் தன் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார்.

ஓட்டெடுப்பில் ஜெயித்தது வேறு யாரோ, ஒரு நகைச்சுவை நடிகர். எனக்கென்ன! கால் முடிந்ததும் மேனேஜர் சொன்னது இதுதான்: "அடுத்த வாரம் மைக் பக்கத்துல நீ உக்காரும்மா."

சீனியர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். "எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன் சார்."

"அது சரி. ஒரு கேக்கை வெச்சே என்னிய தூக்கிட்ட" என்றார். வெளியே வந்து டீ வாங்கினார், எனக்கும் சேர்த்து.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ரிப்போர்ட்டைத் திறந்ததும் தலைவி கேட்டார்: இந்த வாரம் எத்தனை கேக்? ஏழு என்றேன். ஏழிலும் ஓட்டை எங்கே, எவ்வளவு ஆழம், வார்ப்பில் எதனால் வந்திருக்கும் என்று சொன்னேன். பெரியதைப் பெரியது என்றே சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு ஊரிலும் ரிஜெக்டுக்குப் பெயர் கேக்தான்.

போன மாதம் மேனேஜருக்கு ஒரு மெயில் வந்தது. மூடிகள் கடைசியில் எங்கே பொருந்துகின்றன என்று பார்க்க, தரப் பிரிவில் இருந்து ஒருவரை என்றைக்காவது அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து, "யார்கிட்டயாவது பாஸ்போர்ட் இருக்குதா?" என்றார். ஒருவரிடமும் இல்லை. "பாக்கலாம்" என்று மெயிலை மூடிவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே விண்ணப்பித்தேன். சென்னையில் கைரேகை எடுத்தபோது இரண்டு விரல் பதியவில்லை, வார்ப்பு மூடியைத் தடவித் தடவித் தேய்ந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், பதிந்தது. நேற்று காலை விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "பொண்ணு எதுக்கு வெளிநாடு போவுது?" என்று நைனாவிடம் கேட்டார்.

"புதையல் பாக்க சார்" என்றார் நைனா.

போலீஸ்காரரின் பேனா நின்றுவிட்டது. "வேல விஷயமா சார்" என்று சொல்லி, அவர் நீட்டிய தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.