நடிக்காதடா என்று சொன்னேன்

பத்தாவதோடு படிப்பை விட்ட என்னைப் பெரம்பலூர் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக்கினார்கள். கேப்டன் என்றால் அதட்டுபவன் என்றே நினைத்திருந்தேன்.

அரியலூரில் இறுதி ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் அணியின் முருகேசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முடியலடா மாப்ள. என்னைய மாத்தி விட்டுடு" என்றான்.

"நடிக்காதடா. அஞ்சு நிமிஷந்தான் இருக்கு."

வலியோடு ஆடினான். ஜெயித்தோம். அதன்பிறகு அவனால் ஓடவே முடியவில்லை.

எங்கெங்கோ அலைந்து, இப்போது சிமென்ட் மூட்டை ஏற்றும் ஆறு பேருக்கு மேஸ்திரியாக இருக்கிறேன். யாராவது வலிக்கிறது என்றால், நடிப்பா என்று பார்ப்பதில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அவன் மூட்டையை நான் தூக்குகிறேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் முருகேசன் நொண்டிக்கொண்டே வந்தான். "என்ன கேப்டன், எந்த ஊர்ல இருக்க?"

"கேப்டன்னு கூப்பிடாதடா."

"கப்பு வாங்குனது நீதான?" என்று சிரித்தான்.

அந்தக் கப்பை எந்த ஊரில் தொலைத்தேன் என்றுகூட நினைவில்லை. அவன் கையிலிருந்த பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.