கால் பார்த்து எடுத்த குட்டி

சின்னக்கானலில் நான் ஜீப் ஓட்டும் விடுதிக்குப் போன வாரம் ஒரு குடும்பம் நாய்க்குட்டியோடு வந்திருந்தது. உடம்பு ஒரு பிடி, பாதம் மட்டும் பன் ரொட்டி மாதிரி. "இவ்ளோ பெரிய காலு, நல்லா வளரும்லண்ணா?" என்று அந்த வீட்டுச் சிறுமி கேட்டாள். வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "நல்லாச் சாப்பாடு போடு பாப்பா" என்றேன். மழையில் நனைந்த அந்தக் குட்டியின் வாசனை என்னை, நான் சின்ன வயதில் வளர்ந்த பள்ளிவாசல் எஸ்டேட் லயத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியமாவது ஒன்றாவது.

மேலே மேனேஜர் பங்களாவில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் லயத்தில் பாதிப் பேர் போய் நின்றார்கள். மற்றவர்கள் மூஞ்சியைப் பார்த்தார்கள், வாலைப் பார்த்தார்கள். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த என் அப்பா மட்டும் ஒவ்வொன்றின் முன்னங்காலையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய பாதம் உள்ளதை எடுத்து வந்தார். பயில்வான் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

"கட்டடம் எம்புட்டு ஒசரம் வரும்னு அஸ்திவாரத்துலயே தெரியும்லா? கன்னுக்குட்டி கணக்கா வருவான் பாருங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இவன் காலையும் பாருங்க. ஆறடி வருவான். போலீசுக்குத்தான் அனுப்பப் போறேன்" என்பார். எனக்கு அப்போதே பெரியவர்களின் செருப்புதான் பொருந்தும். நானும் காலை நன்றாகத் தெரிகிறபடி நீட்டிக்கொண்டு நிற்பேன். என்ன திமிர் பாருங்கள்.

அம்மா மட்டும் அடுப்பங்கரையிலிருந்து, "மொசலுக்குங்கூடத்தான் காலு பெருசு. அது என்ன, ஆனையாவா ஆவுது?" என்பாள்.

பயில்வானுக்கு முட்டை, எலும்பு, ராகிக் கூழ் என்று ராஜ உபசாரம் நடந்தது. அது முழங்கால் உயரத்துக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. பாதம் மட்டும் வேறொரு நாயிடம் இரவல் வாங்கியது போல, நடந்தால் தொப்புத் தொப்பென்று சத்தம். அடுத்த வீட்டுச் செல்லையா மாமாதான் அதிகம் சிரித்தவர். "அண்ணாச்சி, உங்க கன்னுக்குட்டி எப்ப பால் கறக்கும்?" என்பார். அப்பா டீக்கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு உறைத்தது வேறு. நாய் வளராது என்று தெரிந்த பிறகு அப்பா என் காலைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார். நான் தினமும் வாசல் நிலையில் முதுகை ஒட்டி நின்று பார்ப்பேன். ஒரு மாற்றமும் இருக்காது. பயில்வான் எதிரில் உட்கார்ந்து வாலாட்டும். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

கடைசியில் போலீசுக்கு ஆள் எடுத்தபோது அப்பாவே கூட்டிப்போனார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற அவருக்கு அது ஒன்றுதான் வழி. உயரம் அளக்கும் இடத்தில் குதிகாலைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். அளந்தவர் என் பாதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மோனே, பொய்க்கோ" என்றார் மலையாளத்தில். போகச் சொல்லிவிட்டார்.

பஸ் இறங்கி லயத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள். "ஒசரமெல்லாம் தாண்டிட்டான். கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னுட்டாங்க" என்றார் அப்பா. நான் அவர் பக்கத்திலேயே நிற்கிறேன், அவர் தோளுக்குக்கூட வரவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். அங்கே என் கால்தான் தெரிந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் அடுத்த வீட்டு அத்தை, கண்ணுக்கு நல்லது என்று பொன்னாங்கண்ணிக் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். செல்லையா மாமா, நாயை அந்தப் பாடு படுத்திய அதே மனுஷன், பார்க்கும்போதெல்லாம், "கண்ணு இப்ப எப்படிய்யா இருக்கு?" என்று கேட்பார். "பரவால்ல மாமா" என்பேன். உடம்பே குறுகும். வருஷக்கணக்காகக் கேட்டார்கள், அவ்வளவு பேரும், ஒரு தடவைகூட வாய் தவறாமல்.

அப்பா போய்ச் சேர்ந்தார். செல்லையா மாமாவும் இல்லை. மற்றவர்கள் போடி, தேனி என்று மலையிறங்கிவிட்டார்கள். எனக்குச் சாளேசுரம் வந்து, கிட்டத்து எழுத்து மங்கி, போன மாதம்தான் கண்ணாடி போட்டேன். கண்ணு எப்படி இருக்கு என்று கேட்க ஓர் ஆள் இல்லை.