ஒரு மணி செய்தியில் செல்வி பேசினார்

பன்னிரண்டு இருபதுக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்து எங்கள் ரிப்போர்ட்டர் ஜோசப் அனுப்பிய வீடியோ ஃபீட் வந்தது. பெங்களூரில் ஓர் உள்ளூர் கன்னடச் செய்திச் சேனலில் நான் அப்போது புல்லட்டின் ப்ரொட்யூசர். எந்தச் செய்தி எந்த வரிசையில் போக வேண்டும் என்ற ரன்டவுன் என் பொறுப்பு. ஒரு மணி செய்திக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

ஃபீடில் ஒரு தொழிற்சாலை கேட். மூன்று ஆம்புலன்ஸ். ஈரத் துப்பட்டாவை மூக்கில் கட்டியிருந்த ஒரு பெண் மைக் முன்னால் வந்தார். செல்வி, அத்திபெலேயிலிருந்து வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளி.

"கேஸ் லீக் ஆயிடுச்சு சார். பக்கத்துல நின்னு வேல செஞ்சவ அப்படியே விழுந்துட்டா. இன்னும் நெடி அடங்கல. அதுக்குள்ள ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆளுங்கள உள்ள கூப்புடறாங்க. யாரும் போவாதீங்க!"

செல்வி பேசியது தமிழ். கன்னட சப்டைட்டிலை நானே டைப் செய்து, அந்த பைட்டை, அதாவது அவர் பேசிய துண்டை, முதல் செய்தியில் வைத்தேன். ஜோசப்பை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

எடிட்டர் ராகவேந்திரா போனோடு வந்தார். கன்னடக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"எஸ்தர், அது மாக் ட்ரில்லாம்மா, வெறும் ஒத்திகையாம். கம்பெனியே சொல்லிட்டாங்க. அந்த பைட்ட தூக்கிடு. மாக் ட்ரில்னு கீழ ஸ்க்ரோல் மட்டும் ஓட்டு."

அந்தக் கம்பெனி எங்களுக்கு விளம்பரம் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏழு பேர் மூச்சுத் திணறலோட அட்மிட் ஆயிருக்காங்க சார். ஜோசப் டாக்டர்கிட்டயே கேட்டுட்டார். கம்பெனி சொல்றதையும் போடறேன். பைட்டும் இருக்கட்டும்."

"எடுன்னா எடு!"

"எடுத்துடறேன் சார். எடுக்கச் சொல்லி ஒரு மெயில் போட்டுடுங்க."

"மெயில் எதுக்கு?"

"ரெண்டு மணிக்கு உள்ள போறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, யார் எடுக்கச் சொன்னதுன்னு கேப்பாங்க இல்ல?"

நியூஸ்ரூமே கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எங்களைக் கவனித்தது. அவர் என்னை முறைத்தார்.

"ஹோகலி, போகட்டும், என்னவோ பண்ணு. ரெஸ்பான்சிபிலிட்டி உன்னோடது."

"என்னோடதுதான் சார்."

மெயில் வரவில்லை. ஒரு மணிக்குச் செல்வி நாற்பது நொடி பேசினார். அதன் பின்னால் கம்பெனியின் விளக்கமும் போனது.

மறுபடி தொழிற்சாலை கேட்டுக்குப் போயிருந்த ஜோசப் இரண்டு பத்துக்குக் கூப்பிட்டார். "அக்கா, ஒருத்தர்கூட உள்ள போகல. நம்ம கிளிப்ப போன்ல பாத்துட்டு எல்லாம் ரோட்டுலயே நிக்கறாங்க."

சாயங்காலம் அதிகாரிகள் வந்து சோதித்தார்கள். வால்வில் கசிவு இருந்தது. அந்தப் பிரிவைப் பூட்டினார்கள்.

அடுத்த வாரம் என்னை ராசிபலன் நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். "ஒரு சேஞ்சுக்கு" என்றார் ராகவேந்திரா. ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் பன்னிரண்டு ராசிகளையும் ஒரு பிழைகூட இல்லாமல் ஏழு மாதம் ஒளிபரப்பினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தப்பான உத்தரவு பெரும்பாலும் வாய்வார்த்தையாகத்தான் வரும். எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்குத் தண்டனையும் வரும். வரட்டும். நாற்காலியை மட்டும் நீங்களாகக் காலி செய்யாதீர்கள்.