ஏழாம் கட்டில் சொன்ன கணக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் அங்கேயே தேய்ந்தவள். நாற்பத்தொரு வயதில் செவிலியத்தில் டாக்டர் பட்டம் வாங்கவேண்டும் என்ற ஆசை வந்தது. கணவன் பஸ் மெக்கானிக். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "படி, வேணாங்கல. போட்ட காசு திரும்பி வருமா?"

அதைப் பார்க்கத்தான் இரண்டு கல்லூரிகளின் கையேடுகளை வாங்கிவந்தாள். ஒன்றில் கட்டணம் குறைவு. ஆனால் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் படிக்கவேண்டும். அங்கே படித்தவர்களின் சம்பளப் பட்டியல் கண்ணைப் பறித்தது. இன்னொன்றில் கட்டணம் இரு மடங்கு, வாரக்கடைசி வகுப்பு, படித்தவர்களின் சம்பளம் சுமார்.

மத்தியான ஓய்வில் ஏழாம் கட்டில் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டுக் கூட்டிக் கழிப்பாள். அந்தக் கட்டிலில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த தச்சர் ஒருவர் மூன்று வாரமாக நினைவின்றிக் கிடந்தார். மூச்சு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள், மலிவான கல்லூரியே சரி என்று பேனாவை மூடினாள்.

"நாலாவது வருஷத்த எழுதலையே, சிஸ்டர்."

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. தச்சரின் கண்கள் மூடியே இருந்தன.

"அஞ்சாவதும் இருக்கு."

காய்ந்து வெடித்திருந்த அவர் உதட்டில் புதிதாக ஒரு சொட்டு ரத்தம்.

அவள் கூப்பிட்டதும் டாக்டர் ஓடிவந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். அசைவில்லை. "தூக்கம் பத்தல உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனசு கேட்கவில்லை. அந்த மலிவான கல்லூரியில் படித்த ஒரு பெண்ணின் எண்ணைத் தேடிப்பிடித்து, மூன்று வருடத்தில் முடியுமா, நாலு, அஞ்சு என்று இழுக்குமா என்று கேட்டாள்.

"மூணு வருஷமா? எங்க செட்டுல ஒருத்தர்கூட மூணுல முடிக்கல. எனக்கு அஞ்சு ஆச்சு. கடைசி வரைக்கும் முழுக் கட்டணம், கையில பைசா சம்பளம் இல்ல. பாதிப் பேர் நடுவுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களையெல்லாம் பட்டியல்ல போட மாட்டாங்க." அவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, இத உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

பெரிய சிஸ்டர் போனை வைத்தாள்.

மறுவாரம் தச்சருக்கு நினைவு திரும்பியது. அன்றைக்கு நாலாவது வருடம் என்று ஏன் சொன்னீர்கள் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் பேசலையேம்மா. ஒரு பொம்பள தினமும் கணக்குப் போட்டது காதுல விழுந்துச்சு."

"நான்தான் அது."

தச்சர் அவள் முகத்தையே பார்த்தார். "ஒண்ணு உங்க குரல். இன்னொருத்தங்க உங்களத் திருத்திக்கிட்டே இருந்தாங்களே, அவங்க இன்னிக்கு வரலையா?"



வாரக்கடைசி வகுப்பிலேயே சேர்ந்தாள். வேலையை விடாமல் நாலு வருடத்தில் பட்டம் வாங்கினாள். சம்பளம் கால் பங்கு கூடியது. போட்ட கட்டணம் பட்டம் வாங்கிய ஆறாவது வருடத்தில் கைக்குத் திரும்பியது. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், நினைவிழந்தவர்களுக்கு எதெல்லாம் கேட்கிறது என்பது. ஏழாம் கட்டிலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.