வாளிக்குள் வாழைமரம்

பொங்கல் முடிந்து, லிட்டில் இந்தியாவில் கடைவாசல் வாழைமரங்களை அவிழ்த்துக் குப்பைக்காக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. ஜூரோங்கில் ஒரு சிறிய துணி ஆய்வுக்கூடத்தில் வேலை எனக்கு. பருத்தித் துணியைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைக்காமல், நொதிகளைக் கொண்டே மிருதுவாக்குவோம். வாழைநாரும் அப்படி மசியுமா என்ற கேள்வி வெகுநாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ரெண்டு மரம் எடுத்துக்கட்டுமா?"

கடைக்காரர் சிரித்தார். "வாழைத்தண்டுப் பொரியலா?"

"இல்லண்ணே, துணி!"

கூட வந்திருந்த என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்சிக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். கடைக்காரரின் கத்தியால் துண்டுபோட்டு, பைகளில் திணித்து, எம்.ஆர்.டி. ரயிலில் பாசிர் ரிஸ் வீடு வரை கொண்டுவந்தோம். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்க வாழைக்கறை.

குளியலறையில் உட்கார்ந்து, பட்டைகளை உரித்து, கத்தியின் மழுங்கிய முதுகால் சுரண்டினோம். கிடைத்த நார் துடைப்பம்போல விறைத்து நின்றது. நார்களை ஒட்டவைத்திருக்கும் இயற்கைப் பசைதான் காரணம். பழச்சாற்றைத் தெளியவைக்கப் போடுவார்களே, அந்த நொதி அந்தப் பசையைக் கரைக்கும். ஆய்வுக்கூடத்தில் கேட்டு ஒரு சிறு புட்டி வாங்கி வந்திருந்தேன். ஆனால் அவசரத்தில் பாதி நொதியைப் போட்டுக் கொதிநீரை ஊற்றிவிட்டேன். சூட்டில் முட்டை வெந்துபோவதுபோல் நொதியும் செத்துப்போனது. நார் அப்படியே விறைத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எவ்வளவு சூடு வேணும்?" என்று கேட்டார் அவர்.

"குளிக்கிற வெந்நீர் மாதிரி. ஆனா ஆறவே கூடாது."

"மீனுக்கு உடம்பு சரியில்லன்னா போடுற ஹீட்டர் சும்மாத்தானே கிடக்கு?"

மிச்சமிருந்த நொதி, ஒரு வாளி, மீன்தொட்டி ஹீட்டர். மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் ஓடிப்போய்க் கையை விட்டேன். நார் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அலசி உதறியதும் இழை இழையாகப் பிரிந்து மினுங்கியது.

"ஏங்க! ஓடி வாங்க!"

பிரஷ்ஷோடு வந்தவர் நாரைத் தொட்டுப் பார்த்தார். "ஏய், சூப்பர் லா!" ஈரக் கையோடு என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

நாரைப் பார்த்த மேலாளர் மறுபேச்சில்லாமல் துவாஸில் இருக்கும் துணி ஆலையில் ஒரு சிறிய தொட்டியை ஒதுக்கிக் கொடுத்தார். பருத்தியோடு கலந்து நூற்று, கைக்குட்டை அளவுக்குத் துணி நெய்து வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சொரசொரப்புதான், ஆனால் துணி! இன்னும் மிருதுவாக்க வேண்டும். அதற்கான அடுத்த சுற்று அந்தத் தொட்டியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதைப் பார்க்க நான் நடப்பதில்லை, ஓடுகிறேன்.