மேஸ்திரிக்குப் போட்ட துண்டு

வெள்ளிமலைக்கு மேலே ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு ரூஃப் கான்கிரீட் போட்ட காலையில், மேஸ்திரி ஏழுமலைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏணியில் பாதி ஏறியவரைக் கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைத்தோம். மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது, முகட்டில் மேகம் கூடியிருந்தது. பாதியில் நிறுத்தினால் தளம் காலமெல்லாம் ஒழுகும். கூட வந்த கொத்தனாராலோ கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை விட்டு நகர முடியாது. நான் ஒன்றிய ஓவர்சியர், முடிவு என்னுடையது.

"ஸ்டெல்லா, கரணைய எடுத்துக்கிட்டு மேல ஏறு" என்றேன்.

ஸ்டெல்லா நைனார்பாளையத்துச் சித்தாள். மதியச் சோற்று வேளைகளில், மிஞ்சிய கலவையைக் கரணையால் கழிப்பறையின் பின்சுவரில் பூசிப் பழகியவள். கொத்து வேலை கொடுங்கள் என்று வெகுநாளாகக் கேட்டுவந்தாள். ஏழுமலை மசியவில்லை.

"பொம்பளையப் போயி மேஸ்திரின்னு எப்படிங்க மேடம் கூப்புடறது? வாய்லயே வர்லீங்க" என்பார்.

ஒருநாள் தேநீர் வேளையில் அவருக்கு விளக்கினேன். அச்சொல் போர்ச்சுகீசியரின் கப்பலில் வந்தது. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு ஆசிரியர், தலைவர் என்று பொருள். நம்மிடம் வந்தபின் கட்டடத்தில் கொத்தனார்களுக்குத் தலைவர். கரும்பு வயலில் வெட்டாட்களைக் கூட்டிவருபவர். அதே லத்தீன் சொல்தான் ஆங்கிலத்தின் வழியே மாஸ்டராகி, உளுந்தூர்பேட்டையில் டீ ஆற்றுகிறது, பரோட்டா வீசுகிறது.

"அப்போ டீ மாஸ்டரும் நானும் பங்காளிங்களா?"

"ஆமாம். கடல் தாண்டி வந்த சொல்லு, ஸ்டெல்லாகிட்ட வராதா?"

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

இப்போது ஏழுமலை கீழே உட்கார்ந்தபடி ஸ்டெல்லாவைப் பார்த்துக் கத்தினார்: "வாட்டம் பாத்துக்கினியா? தண்ணி பைப்பாண்ட வரணும்."

மேலிருந்து குரல் வந்தது: "பாத்துக்கினுதான் கீறேன் மேஸ்திரி. இடுப்பப் புடிச்சிக்கினு கம்முனு குந்துங்க."

சட்டி கைமாற்றிய பெண்கள் சிரித்தார்கள். கடைசிச் சட்டியைக் கொட்டி, மட்டப்பலகையை இழுத்து, தார்ப்பாய் மூடிய பிறகே மழை வந்தது.

மறுநாள் காலை ஏழுமலை இடுப்பில் கைவைத்தபடி மேலே ஏறினார். கோடி மூலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். அது சற்றுத் தயங்கி, பிறகு நேராகப் பைப்பை நோக்கி நடந்தது. இன்னொரு மூலையில் ஊற்றினார். அதுவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

தளம் போட்டு முடித்த மேஸ்திரிக்குத் துண்டு போர்த்துவது ஊர் வழக்கம். ஊர்ப் பெரியவர் துண்டோடு வந்தார்.

"எனக்கு வேணாங்க. மேஸ்திரி அதோ கீறாங்க" என்று கைகாட்டினார் ஏழுமலை.

துண்டை வாங்கிய ஸ்டெல்லா என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் அதைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து மணல் சட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"அத எறக்குங்க மேஸ்திரி" என்றார் ஏழுமலை. "சட்டி தூக்கறது இனிமே உங்க வேல இல்ல."

புதிதாகப் பணிக்கு வரும் பொறியாளர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: யாரை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டு ஆட்களுக்கு வேலையைப் பிரிக்காதீர்கள். சோற்று வேளையில் கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்சுவரைப் பார்த்துவிட்டுப் பிரித்துக் கொடுங்கள்.